மூன்றாவது எக்ஸ்ரே

கௌரி வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். மாத்திரை இறங்கிவிட்டது.

"ஸ்டில் ஃபன்டா, நேர்ஸ்!" என்று கத்தினாள். மருந்து அவளுடைய சிறுநீரை ஃபன்டா சோடாவைப் போலச் செம்மஞ்சளாக்கியிருந்தது. ஐந்து வயதுக்கு அது பெரிய பகிடி.

நேர்ஸ் ஹெதர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பிள்ளைக்குக் காசநோய் என்று தெரிந்து பத்து நாள். பத்து நாளும் காலை ஏழு மணிக்கு அவள் மங்கரே புறநகரிலிருந்த அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், ஞாயிறு உட்பட. மாத்திரையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். போகமாட்டாள். கௌரி துப்பினால் வாழைப்பழத்தில் மசித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

கௌரியின் தாய் யோகராணிக்கு ஹெதரை மிகவும் பிடித்துவிட்டது. இன்று அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உங்கள் எக்ஸ்ரேயும் கணவருடையதும் சுத்தம்," என்றாள் ஹெதர், தேநீரை வாங்கியபடி. "சின்னப் பிள்ளைக்கு இது பெரியவர் ஒருவரிடமிருந்துதான் வரும். அவருக்கும் மருந்து கொடுக்கவேண்டும். வேறு யாராவது இங்கே இருக்கிறார்களா?"

வீட்டோடு ஒட்டிய கராஜில் யோகராணியின் தம்பி மகேசன் இருந்தான். விசா முடிந்து நாலு மாதம். பிடிபட்டால் யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது 1987; அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. அவனுடைய இருமலைக் குளிரால் வந்தது என்றே அவள் நம்பியிருந்தாள். தினமும் கௌரிக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பது அவன்தான்.

"ஒருவரும் இல்லை."

ஹெதர் தலையை ஆட்டினாள். தேநீரைக் கடைசிச் சொட்டுவரை ஆறுதலாகக் குடித்தாள். பிறகு ஒரு சீட்டில் ஏதோ எழுதி மேசையில் வைத்தாள். கௌரியின் தலையைத் தடவிவிட்டு வெளியே போனாள்.

யோகராணி சீட்டை எடுத்தாள்.

எக்ஸ்ரே, இன்று எட்டரை மணிக்கு.

பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. விலாசமும் இல்லை. 'ஆண், பெரியவர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

மகேசன் தலையணைக்குள் அமுக்கிய இருமல் ஹெதருக்குக் கேட்டிருக்கிறது.

யோகராணி ஜன்னலால் பார்த்தாள். கார் போகவில்லை. ஹெதர் முன்னால் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரின் பின்கதவு திறந்திருந்தது.

யோகராணி கராஜுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"தம்பி, சப்பாத்தைப் போடு. கார் நிக்குது."