எந்த ஊரானாலும்

ஆவணக் காப்பகத்தில் ஒரு பெயரைத் தேடக் கட்டணத்தை ஏற்றிய பிறகு, கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பூர்வீகம் தேடி வருவது நின்றுபோனது. அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோன சவரிமுத்துவின் ஆட்டோ காப்பக வாசலிலேயே காய்ந்தது. இன்று மலேசியாவிலிருந்து வந்த தவமலர், கட்டணப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போகாமலே திரும்பி அவர் ஆட்டோவில் ஏறினாள்.

"எந்த ஊரானாலும் சரிண்ணே. அம்மா சொந்த மண்ணு ஒரு பிடி கேட்டாங்க."

பூட்டிய ஓட்டுவீடொன்றின் முன் சவரிமுத்து வண்டியை நிறுத்தினார்.

"உங்க வீடு இதுதாம்மா."

அவள் குனிந்து வாசல் மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

தினமும் வீடு திரும்பும் பழக்கத்தில் அவர் கை சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துவிட்டது.

சாவியையும் அவரையும் பார்த்தவள், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"சாப்பிட என்னண்ணே இருக்கு?"