சின்ன புல்லி

கருகிப்போன ஆல்டர்னேட்டரைச் சக்கரபாணி ஒரு சிவப்பு ரேஸ் ஹெல்மெட்டுக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கத்தரிக்காய் வாங்கிய பை மாதிரி அதைக் கையில் தொங்கவிட்டபடி, செங்கம் ரோட்டில் இருந்த புகழேந்தியின் கடைக்குள் நுழைந்தார்.

புகழேந்தி ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஷேர் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் ஒயர் மாற்றியே அலுத்துப்போயிருந்தவன், ஹெல்மெட்டைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டான். வயசுப் பிள்ளையாக இருந்தபோது லாரி பிடித்துச் சோழவரம் போய் ரேஸ் பார்த்தவன் அவன். அந்தக் கதையைக் கேட்க ஊரில் ஆளில்லை என்பது அவனுக்கு நெடுநாள் குறை.

“ரேஸ் வண்டியாண்ணே?”

“ஆமா தம்பி, எஸ்டீம் காரு. பையன் பாலாஜியோடது. ஸ்ரீபெரும்புதூர்ல ரெண்டு கப்பு வாங்கியிருக்கான்.”

“எந்த ஊரு நீங்க?”

“அடி அண்ணாமலை.”

“பக்கத்துல ஒரு ரேஸ் வண்டி நிக்குது, எனக்குத் தெரியாமப் போச்சே.”

இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அந்த ஆல்டர்னேட்டரைப் புகழேந்தி பிரித்தான். உள்ளே செப்புக்கம்பி கரியாக இருந்தது. காற்றே படாமல் வெந்த மாதிரி ஒரு கருகல். “பையன் மிதி மிதினு மிதிச்சிருக்கான். ஸ்பீடு ஜாஸ்தியாயி எரிஞ்சிபோச்சி” என்றான்.

சக்கரபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். புகழேந்தி பேசுகிற இடத்தில் அடுத்தவர் வாயெடுக்கலாம், அவ்வளவுதான். அவன் அதற்குள் சோழவரத்துக்குப் போய்விட்டான்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார். “தம்பி, இன்னிக்கே வேணும். நாளைக்கு எங்க பக்கம் ஷட்டவுன். காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் கரண்ட்டு இருக்காது.”

மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று இப்படி நிறுத்துவது எல்லோருக்கும் பழகிப்போனதுதான். கரண்ட் இல்லாத நாளில் எந்தப் பட்டறையிலும் வேலை நடக்காது, அதனால் அவசரப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

மேஜைமேல் மூன்று ஆல்டர்னேட்டர்களை எடுத்து வைத்தான். “இது டெல்லி டூப்ளிகேட். பாக்க புதுசு, ஆனா நம்ப முடியாது. இது நானே புதுக் கம்பி சுத்தினது. இது கம்பெனி ஒரிஜினல், ஆக்சிடென்ட் வண்டியில கழட்டினது. என்னைக் கேட்டா ஒரிஜினல்தான்.”

“ஆக்சிடென்ட் வண்டியோடது வேணாம்.” சக்கரபாணி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. “நீங்க சுத்தினதைக் குடுங்க. நடுவுல நிக்காதில்ல?”

“நிக்காது.”

“நிக்கவே கூடாது தம்பி. நின்னா அவ்ளோதான்.”

“ரேஸ்ல நடுவுல நின்னா அவமானம்ணே, எனக்குத் தெரியாதா? இதுக்கு நான் கேரன்ட்டி.”

சக்கரபாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து, பிள்ளைமேல் இவ்வளவு பெருமையா என்று புகழேந்தி வியந்தான்.

“ஒண்ணே ஒண்ணு. சின்ன புல்லியா போட்டுக் குடுங்க. இன்ஜினு மெதுவா ஓடுனாலும் நல்லா சார்ஜ் ஏறணும்.”

பெல்ட் சுற்றுகிற சக்கரம்தான் புல்லி. அது சின்னதாக இருந்தால் ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுற்றும். ரேஸில் இன்ஜின் பறக்கிற பறப்புக்குச் சின்னதைப் போட்டால் மறுபடியும் எரிந்துதான் போகும். ரேஸ் தெரிந்தவன் பெரிய புல்லிதான் போடுவான். பாவம், கிராமத்து மனுஷர், யாரோ சொன்னதை நம்பிக் கேட்கிறார் என்று புகழேந்தி சிரித்துக்கொண்டான்.

“சரிண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பெரிய புல்லியை மாட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தான். சொல்லாமலே ஒருத்தருக்கு நல்லது செய்த திருப்தி அவனுக்கு.

“மாட்டத் தெரியுமா? நான் வரட்டா?”

“நானே மாட்டிப்பேன். பழகிப்போச்சி.” ஆல்டர்னேட்டரை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஹெல்மெட்டின் ஒரு பக்கம் பெயின்ட் முழுக்க உரசிப் போயிருந்தது.

அன்று கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் புகழேந்தி ரேஸ் வண்டிக் கதையைச் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் அவன் செல்போன் அடித்தது. சக்கரபாணிதான். பின்னால் இன்ஜின் உறுமுகிற சத்தம்.

“தம்பி, சார்ஜ் ஏறலைனு செவப்பு லைட்டு எரியுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா அணையுது, காலை எடுத்தா எரியுது. காலைலேர்ந்து இதே கதைதான்.”

“அது அப்டித்தாண்ணே இருக்கும்” என்று சிரித்தான் புகழேந்தி. “நீங்க சின்ன புல்லி கேட்டீங்க, ரேஸுக்கு அது ஆவாது. அதான் பெருசா போட்டுட்டேன். வண்டி ட்ராக்குல எறங்கட்டும், அப்ப எவன் காலை எடுக்கப் போறான்?”

போனில் இன்ஜின் மறுபடி உறுமி அடங்கியது.

“வண்டில பையன்தான ஒக்காந்திருக்கான்? போனை அவன்கிட்ட குடுங்க, நான் வெவரமா சொல்றேன்.”

“அவன் ரெண்டு வருஷமா படுக்கையில கெடக்கறான் தம்பி. கரண்ட்டு இல்லாதப்ப அவனோட மூச்சு மெஷினு இந்த வண்டி பேட்டரிலதான் ஓடுது. காலைலேர்ந்து அவங்கம்மாதான் மிதிச்சிக்கினு இருக்கா.”