நனையாத பூனை

"பூனையைத் தேடித்தான் அக்கரைக்குப் போனேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

"ஒரு வாரமா தினம் தேடறியேடி. அது அந்த ஜிவான் வீட்டுத் தோட்டத்துல மட்டும்தான் அகப்படுமோ?"

குலிஸாரின் குரலுக்கு அக்கம்பக்கத்தார் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தார்கள். மகள் பெர்ஃபின் பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்குத் தண்ணின்னா உசிரு. ஓடையில குதிச்சு நீந்திப் போயிடுது."

துருக்கியின் வான் ஏரிக்கரைப் பூனைகள் அப்படித்தான். குலிஸார் அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"நீந்திப் போன பூனை ஏண்டி காஞ்சு கிடக்கு? இந்த ரோமம் காய அரை நாள் ஆகும். நீயே பாலம் வழியா தூக்கிட்டுப் போயிருக்கே. வெள்ளிக்கிழமை டவுன் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துடறேன்."

பெர்ஃபினுக்குக் கண் கலங்கியது. மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த அப்பா ஷெஹ்முஸ் தலை நிமிரவில்லை.

"பொண்ணுக்கு விவரம் பத்தலை, குலிஸார். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அக்கரையில இருந்தது எங்க வீடு. நீ பூனையை ஓடையில ரெண்டு முக்கு முக்கிட்டுத்தானே உங்கம்மாகிட்ட திரும்பிப் போவே? அது நீந்தி ஓடிடாம பிடிச்சுக்கிட்டது நான்தானே?"

சிவந்த முகத்தோடு குலிஸார் ரொட்டி சுட உள்ளே போனாள். வெள்ளிக்கிழமைப் பேச்சு அதன்பின் எழவே இல்லை.

அறுவடை முடிந்ததும் பெர்ஃபின் ஜிவானைக் கட்டிக்கொண்டு இஸ்மிர் நகரத்துக்குப் போய்விட்டாள். நாலாவது மாடியில் ஓடை ஏது? பூனை இங்கேயே தங்கிவிட்டது. சாயங்காலம் அது நீந்துவதைப் பார்க்க ஷெஹ்முஸ் கரையில் உட்கார்ந்தால், குலிஸாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.