கோலப்பன் எழுந்து நின்ற நேரம்

ஒரு மனிதரின் மூத்திரப் பாதையில் கோலப்பன் என்ற கிருமி, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவன் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் காலை ஆட்டும்போதெல்லாம் அந்த மனிதருக்கு எரிச்சல் தாங்காது. டாக்டர் மூன்று விதமான ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அனுப்பிப் பார்த்தார். மூன்றையும் கோலப்பன் உதைத்து விரட்டினான்.

"இன்னும் எவன் இருக்கான்? வரச் சொல்லுங்கடா!"

இந்தத் தடவை டாக்டர் நல்ல கிருமிகளை அனுப்பினார். தயிர்க் கிருமி சம்பூர்ணம், சொந்தபந்தம் எழுபது பேரோடு கையில் துண்டுகளுடன் வந்து இறங்கினாள்.

கோலப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றான். "வாங்கம்மா, ஒத்தைக்கு ஒத்தை மோதிப் பார்ப்போமா?"

"முதல்ல உட்காரணும் அண்ணே" என்ற சம்பூர்ணம், அவன் எழுந்த இடத்தில் துண்டைப் போட்டாள். மற்ற இடங்களிலெல்லாம் அவள் ஆட்கள் போட்டார்கள்.

"அம்மா, அது என் இடம்!"

"ஆள் வருது அண்ணே."

"யாரையும் காணோமே?"

"சித்தி வந்துட்டிருக்காங்க."

கோலப்பன் ஒவ்வொரு துண்டிடமும் கெஞ்சிக்கொண்டே நடந்தான். அந்த நேரம் பார்த்து மனிதர் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். வெள்ளம் வந்தது. சம்பூர்ணமும் அவள் ஆட்களும் துண்டு போட்ட இடங்களில் உட்கார்ந்து சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். நின்றிருந்தவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

"சண்டையே போடலையேம்மா!" என்று போகிற போக்கில் கத்தினான்.

"எங்க வீட்ல சண்டை போடறது சித்திதான் அண்ணே, வந்ததும் சொல்றேன்" என்று சம்பூர்ணம் உட்கார்ந்தபடியே காலை நீட்டிக்கொண்டாள்.