ஆறாம் வகுப்புக் குரல்

மரியான் தன் மகனுக்கு அழக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கண்ணைக் கசக்காதல. நடிப்புன்னு தெரிஞ்சிரும். உதட்டைப் பிதுக்கு. மூக்கை உறிஞ்சு."

ரெக்சன் உறிஞ்சினான். பதினேழு வயது, ஆறடி உயரம். காலையில்தான் மீசையை மழித்திருந்தார்கள். வெயிலில் கறுத்த முகத்தில் மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதை மறைக்க அம்மா விஜிலா பவுடர் பூசியதில் இன்னும் எடுப்பாகிவிட்டது.

"சளி புடிச்சவன் மாதிரில்லா இருக்கு" என்றான் மரியான். "திரும்பச் செய்."

போன மாதம் பெரியதாழைக் கடற்கரையில் மீன் வியாபாரி இன்பமணியின் மண்டையில் ஒருவன் அடித்து, பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். முகத்தில் துண்டு கட்டியிருந்தான். இன்பமணிக்கு மண்டையோட்டில் விரிசல். பையில் ஒரு தூக்குவாளியும் செல்போன் சார்ஜரும்தான் இருந்தன.

மறுநாள் ரெக்சன் காவல் நிலையத்துக்குப் போய், "நான்தான் அடிச்சேன்" என்றான். இப்போது ஜாமீனில், அப்பாவின் பொறுப்பில் இருக்கிறான்.

வக்கீல் நேசக்குமாரைப் பார்க்கப் போனபோது மரியான் தெம்பாகத்தான் இருந்தான். "பதினெட்டு ஆகலேன்னா மூணு வருஷம்தான சார். அதுவும் ஸ்கூல் மாதிரி எடம்னு சொன்னாவ."

"யாரு சொன்னா?"

"டீக்கடைல."

"டீக்கடையில பழைய சட்டத்தைச் சொல்லியிருக்காங்க. ஆயுதத்தால மண்டையை ஒடச்சுப் பறிச்சா, அது கொடுங்குற்றம். பையன் பதினாறு தாண்டியிருந்தா, இவனுக்குப் பெரிய ஆளு புத்தி இருக்கான்னு போர்டுல பாப்பாங்க. இருக்குன்னு முடிவு பண்ணிட்டா, பெரியவங்களை விசாரிக்கிற மாதிரியே விசாரணை. ஏழு வருஷத்துக்குக் கொறையாது."

மரியான் வீட்டுக்கு வந்ததும் ஒத்திகையைத் தொடங்கினான்.

"குரலை மெலிசாக்குல."

"பாப்பா மாதிரியாப்பா?"

"எட்டாங்கிளாஸ் மாதிரி."

"எட்டாங்கிளாஸ்லயே எனக்குக் குரல் ஒடஞ்சிட்டுப்பா."

"அப்ப ஆறாங்கிளாஸ். சரி, ஏன் அடிச்சேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"நம்ம சீலா மீனை வெல கொறச்சுக் கேட்டாருன்னு."

"எதை வச்சு அடிச்ச?"

"கம்பு."

"கம்பு இல்லல, துடுப்பு. பின்னால நின்னு, ஒரே அடி. எத்தன தடவ சொல்ல ஒனக்கு?"

அடுப்படியில் விஜிலா அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"ஏளா, இந்த அழுகையை அங்க வந்து அழு. இங்கன வீணாக்காத."

"பிள்ளைய உள்ள வச்சிட்டாவன்னா?"

"வைக்க மாட்டாவ. நான் எதுக்கு இருக்கேன்?"

விஜிலா அவனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மகனுக்கு இன்னும் கொஞ்சம் பவுடர் பூசினாள்.

தூத்துக்குடியில் சிறார் நீதி வாரியத்தின் அறைக்குள் ரெக்சன் குனிந்து நடந்துவந்தான். அப்படியும் வாசல் நிலையில் தலை இடித்தது. வாத்துப் படம் போட்ட மஞ்சள் பனியன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. நேசக்குமார் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

வாரிய உறுப்பினர்களோடு மனநல ஆலோசகர் கிரேசி உட்கார்ந்திருந்தார். ஒரு தாளையும் கலர் பென்சில்களையும் நீட்டி, "உனக்குப் பிடிச்சதை வரை தம்பி" என்றார்.

ரெக்சன் இரண்டு மலைகளையும் நடுவில் சூரியனையும் வரைந்தான். பெரியதாழையில் மலை கிடையாது. சூரியனுக்குக் கண்ணும் வாயும் வைத்தான். பின்பெஞ்சில் மரியான் தொடையைத் தட்டிக்கொண்டான்.

"உனக்கு எதைக் கண்டா பயம்?"

"பூச்சாண்டி மேடம்." ஆறாம் வகுப்புக் குரல் அச்சாக வந்தது.

"ராத்திரி தனியா தூங்குவியா?"

"அம்மா பக்கத்துல படுக்கணும் மேடம்."

உறுப்பினர் ஒருவர் சிரிப்பை அடக்கினார். கிரேசி சிரிக்கவில்லை. "கடலுக்குப் போவியா?" என்றார்.

"எப்பவாச்சும். அப்பா ஏலாம கெடந்தா, வள்ளத்துல அவருக்குப் பதிலா நான் ஏறுவேன். எங்க ஊர்ல அப்படித்தான் மேடம். வீட்டுல இருந்து ஒருத்தர் ஏறணும். யாருன்னு கேக்க மாட்டாவ."

வள்ளம் ஏறுகிறவனை யார் சின்னப் பையன் என்பார்கள்? மரியான் எழுந்துவிட்டான். "சும்மா கூட உக்காந்துதான் வருவான் மேடம். மீன் துள்ளுனா அலறுவான்."

"நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தான்.

கிரேசி பென்சிலைக் கீழே வைத்தார். "ரெக்சன், இப்ப இங்க எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

வீட்டில் அதிகம் பழகிய கேள்வி இதுதான். தெரியாது என்று தலையாட்டி, உதட்டைப் பிதுக்கி, மூக்கை உறிஞ்ச வேண்டும். ரெக்சன் திரும்பிப் பார்த்தான். மரியான் ஞாபகப்படுத்துவதற்காகத் தன் உதட்டைப் பிதுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் விஜிலா நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

ரெக்சன் அம்மாவைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். குரலை மெலிதாக்கவில்லை.

"இதுவும் அப்பாவுக்குப் பதிலாத்தான் மேடம்."