ஒரு தடவை ஊதுங்களேன்

அலமாரியில் கிடந்த பழைய வீடியோ கேம் கேசட், புதிதாக வந்து சேர்ந்த கேம் டிஸ்க்கைப் பார்த்தது.

“என்ன தம்பி, வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள இங்கயா?”

“கம்பெனிக்காரன் சர்வரை மூடிட்டான் அண்ணே. அவன் விட்டாத்தான் நான் ஓடுவேன். காசு குடுத்து வாங்கினவங்க போட்டா ஓடமாட்டேன்.”

“நான் மக்கர் பண்ணினா இந்த வீட்டுப் பிள்ளைங்க என்னைக் கழற்றி, எச்சில் தெறிக்க ஊதி மாட்டுவாங்க. ஓடிருவேன்.”

“ஊதினா சரியாயிடுமா?”

“எங்க? கழற்றி மாட்டினாலே போதும். நான் அதை அவங்ககிட்ட சொல்லவே இல்ல.”

அலமாரி திறந்தது. அந்தப் பிள்ளைகளில் மூத்தவள், இப்போது காதோரம் நரைத்தவள், கேசட்டை எடுத்துப் பழக்கதோஷத்தில் ஊதினாள்.

“அண்ணே,” என்றது டிஸ்க், “என்னையும் ஒரு தடவை ஊதச் சொல்லுங்களேன்.”