அணிலின் ஆயுள் பாத்தியம்

கொய்யா மரத்துக்குச் சொந்தக்காரரான ஆந்தையார் சாகும் முன் ஓர் உயில் எழுதிவைத்திருந்தார். காரியம் முடிந்த கையோடு ஆமை அதை எல்லோர் முன்னாலும் படித்தது.

"பழங்களை அணில் தன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம். மரத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அதற்கு உரிமை கிடையாது. அணிலின் காலத்துக்குப் பிறகு மரம் காக்கைக்கு. விற்பதும் தானம் கொடுப்பதும் அதன் இஷ்டம்."

காக்கையின் முகம் சுருங்கியது. அந்த நேரம் பார்த்துக் கிழட்டு அணில் லொக்கு லொக்கென்று இருமியது. சுருங்கிய முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாளிலிருந்து, விடிந்தால் போதும், "பெரியவரே, இருமல் எப்படி இருக்கு?" என்று காக்கை வந்து நிற்கும்.

"நேத்தைக்கு இன்னிக்கு மோசம் தம்பி" என்று அணில் இருமிக் காட்டும்.

நாளைக்குத் தன் மரமாகப் போவதைக் கண்டவர்கள் கொத்தலாமா? காக்கை கிளிகளை விரட்டியது. பாம்போடு மல்லுக்கு நின்றது. கொட்டும் மழையிலும் உச்சிக் கிளையை விட்டு நகரவில்லை. அணில் நிம்மதியாகத் தின்று கொழுத்தது.

நான்காவது மழைக்காலத்தில் காக்கைக்கே இருமல் பிடித்துக்கொண்டது. இறக்கையை விரிக்கக்கூட முடியவில்லை.

அணில் பதறிப்போய், நன்றாகப் பழுத்த கொய்யா ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அந்த மரத்திலிருந்து காக்கைக்குக் கிடைத்த முதல் பழம் அதுதான். அவசரத்தில் அணில் இருமக்கூட மறந்துவிட்டது.

"சாப்பிடு தம்பி, உடம்பைப் பாத்துக்க. நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டா என் மரத்துக்கு யாரு காவல்?"